மல்டிட்ராக் வாங்கப் போகிறீர்களா? பணம் கோட்டை விடுகிற இடங்கள் இவை

போன மாசம் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். கூத்து செட் வைத்திருக்கிற குடும்பம், அப்பாதான் செட்டுக்கு வாத்தியார். "அண்ணா, 24 ட்ராக் ரெக்கார்டர் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வருது, விட்டா போயிடும்னு சொல்றாங்க, வாங்கிடட்டுமா?" என்றான்.

"ஒரே நேரத்துல எத்தனை மைக் வைக்கப் போறே?"

அவன் யோசித்தான். அதுவரை அந்தக் கணக்கை அவன் போட்டே பார்க்கவில்லை. சரி, நீயே எண்ணு என்றேன். ஆர்மோனியத்துக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு, முகவீணை என்ற ஊதுகிற வாத்தியத்துக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று, வாத்தியாருக்கு ஒன்று, பின்பாட்டுக்காரர்களுக்கு இரண்டு. ஆக எட்டு. "அப்போ 24 தாராளம்ணா" என்றான். அங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள்.

24 ட்ராக் என்றால் 24 சத்தத்தைத் தனித்தனி வரியாகச் சேமித்து வைத்துத் திரும்பப் போட்டுக் கேட்கலாம் என்று பொருள், மல்டிட்ராக் என்பது இதுதான். ஒரே நேரத்தில் எத்தனையைப் பதிவு செய்யும் என்பது வேறு கணக்கு. டாஸ்கம் டிபி-24 என்ற பெட்டியில் 24 ட்ராக் உண்டு, ஆனால் ஒரே சமயத்தில் பதிவாவது 8. ஜூம் ஆர்16 என்றால் 16 ட்ராக், அதிலும் ஒரே சமயத்தில் 8 தான். கம்பெனிக்காரன் பொய் சொல்லவில்லை, பெரிய எண்ணைப் பெட்டி முகப்பில் போடுகிறான், சின்ன எண்ணை உள்ளே நாலாம் பக்கத்தில் போடுகிறான், அவ்வளவுதான். தம்பியின் எட்டு மைக்குக்கு எட்டு துளை சரியாக இருக்கும். நாளைக்குக் கூத்தில் கோமாளியாக வருகிற கட்டியங்காரனுக்குத் தனி மைக் வேண்டும் என்றால் இடம் கிடையாது.

யுஎஸ்பி மிக்ஸர் என்றதும் ஏமாறுவது

இதில் நானே ஏமாந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தர்மபுரியில் வீட்டு மாடி அறையை ஸ்டுடியோ என்று பேர் வைத்த புதிதில், பன்னிரண்டு சேனல் மிக்ஸர் ஒன்று வாங்கினேன். பின்னால் யுஎஸ்பி துளை இருந்தது. பன்னிரண்டும் தனித்தனியாக லேப்டாப்புக்குப் போகும் என்று நானே முடிவு செய்துகொண்டேன், யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஒரு பம்பை செட்டை வரவழைத்து, இரண்டு பம்பை, உடுக்கை, சிலம்பு, பாட்டு என்று எல்லாவற்றுக்கும் மைக் வைத்து மூன்று மணி நேரம் பதிவு செய்தேன். ஹெட்ஃபோனில் பிரமாதமாக இருந்தது. எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கிளம்பிய பிறகு லேப்டாப்பைப் பார்த்தால் இரண்டே இரண்டு வரி. இடது, வலது. பம்பை அடிக்கிற இடத்திலெல்லாம் பாட்டு காணாமல் போயிருக்கிறது. சாம்பாரில் போட்ட உப்பைத் திரும்ப எடுக்கிற கதைதான். மறுபடி செட்டைக் கூப்பிட்டு, மறுபடி பணம் கொடுத்து, அன்றைக்கு இருந்த அந்த வேகம் மட்டும் மறுபடி வரவில்லை.

சந்தையில் கிடைக்கிற சாதாரண யுஎஸ்பி மிக்ஸர்களில் பெரும்பாலானவை இப்படித்தான், எத்தனை சேனல் இருந்தாலும் கலந்து முடித்த இரண்டை மட்டும் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கோவில் பஜனைக்கு, நேரலைக்கு அது போதும். தனித்தனியாக வேண்டுமென்றால் மல்டிட்ராக் யுஎஸ்பி என்று குறித்திருக்கும் மிக்ஸர் வேண்டும், உதாரணத்துக்கு சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே 14 வழியைத் தனித்தனியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. கடையில் "மல்டிட்ராக்கா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "யுஎஸ்பி வழியா கம்ப்யூட்டருக்கு எத்தனை சேனல் போகுது?" என்று கேளுங்கள். பதில் 2 என்றால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கை லேப்டாப்போடு இணைக்கிற பெட்டி, வாங்குகிறவர்களுக்கும் இதே எண் விளையாட்டு உண்டு. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ8 என்ற பெயரைப் பார்த்தால் 18 மைக் செருகலாம் போலத் தோன்றும். பிரித்துப் பார்த்தால் மைக்கின் மெலிந்த சத்தத்தைப் பெருக்குகிற ப்ரீஆம்ப் 4, கீபோர்டு மாதிரியானவற்றைச் செருகும் லைன் துளை 4, ஏடாட் என்கிற ஆப்டிகல் வழியாக 8, எஸ்பிடிஃப் என்கிற டிஜிட்டல் துளை வழியாக 2. கூட்டினால் 18 வருகிறது, ஆனால் கையில் மைக் வைத்திருப்பவனுக்கு அது 4 தான். அதே சமயம் அந்த ஏடாட் துளையை வீண் என்று நினைக்காதீர்கள். பின்னாளில் எட்டு சேனல் ப்ரீஆம்ப் ஒன்றை வாங்கி ஒரே ஒரு ஆப்டிகல் ஒயரில் இணைத்தால் மைக் வழி எட்டு கூடிவிடும். சாம்பிள் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை ஆயிரம் தடவை சத்தத்தை அளக்கிறது என்ற கணக்கு, 48 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் எட்டு, 96க்கு ஏற்றினால் நாலாகக் குறையும். இன்றைக்குக் கையில் பணம் குறைவு, நாளைக்கு ஆள் கூடும் என்ற நிலையில் இருப்பவர்கள் ஏடாட் உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது.

அதை விட்டுவிட்டு, "ரெண்டு துளை இன்டர்ஃபேஸ் ஏற்கெனவே இருக்கு, இன்னொண்ணு வாங்கி ரெண்டையும் செருகினா நாலு ஆயிடும்ல?" என்று கேட்பவர்கள் நிறைய. விண்டோஸில் ஏசியோ டிரைவர் (பெட்டியைப் பதிவு சாஃப்ட்வேரோடு இணைக்கிற நிரல்) வழியாக ஒரு சாஃப்ட்வேர் ஒரு நேரத்தில் ஒரு டிரைவரைத்தான் பிடிக்கும். குறுக்கு வழியில் இரண்டையும் ஓட வைத்தாலும் இரண்டு பெட்டிக்கும் வெவ்வேறு கடிகாரம், நேரம் போகப் போக ஒன்றுக்கொன்று நழுவும், தாளமும் பாட்டும் மெல்லப் பிரியும். மேக்கில் இரண்டையும் சேர்த்து ஒன்றாகக் காட்டும் வசதி இருக்கிறது, இருந்தாலும் நான் அதை நம்பிக் காசு வாங்கிக்கொண்டு ஒரு பதிவுக்கு உட்கார மாட்டேன்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வீட்டில் தனியாக உட்கார்ந்து கீபோர்டு, கிட்டார், குரல் என்று ஒவ்வொன்றாக ஏற்றுகிறவர் எட்டு துளை பெட்டி வாங்குவது. அவருக்கு ஒரு நேரத்தில் இரண்டு வழி போதும். சாஃப்ட்வேரில் ஐம்பது ட்ராக் அடுக்கினாலும் இரண்டிரண்டாகத்தான் ஏற்றப் போகிறார். மிச்சமாகும் பணத்துக்கு வேலை அறையில் இருக்கிறது.

அறை

நம்ம ஊர் வீட்டு அறை பத்துக்குப் பத்து, பத்துக்குப் பன்னிரண்டு. மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ், நாலு பக்கமும் சிமென்ட் பூச்சு. கை தட்டிப் பாருங்கள், குளியலறை மாதிரி ணங் என்று திரும்பி வரும். அதுவும் பத்தடி இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர் இருந்தால் 56 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு வீக்கம் வரும், பம்பையின் கீழ் ஓசையெல்லாம் அங்கே போய்க் குவியும். இந்த அறையில், மெல்லிய சத்தத்தையும் பிடிக்கிற கண்டென்சர் வகை மைக்கை லட்ச ரூபாய்க்கு வாங்கி வைத்தால் அது அந்த ணங் சத்தத்தை இன்னும் துல்லியமாகப் பிடித்துக் கொடுக்கும். எங்கள் வீடு 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரம், தொப்பூர் கணவாய் ஏறி வருகிற லாரிகளின் உறுமல் ராத்திரி முழுக்க உண்டு. நான் முதலில் வாங்கிய பெரிய டயஃப்ரம் கண்டென்சரில் பாட்டை விட லாரி தெளிவாகக் கேட்டது.

சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது இன்னும் நிற்கவில்லை. அது மேல் ஓசையைக் கொஞ்சம் சிதறடிக்கும், கீழ் ஓசையை ஒன்றும் செய்யாது, வெளிச் சத்தத்தைத் தடுக்கவே தடுக்காது, தீ பிடித்தால் மட்டும் நன்றாக எரியும். என் அறையில் பழைய இலவம்பஞ்சு மெத்தை இரண்டை மூலைகளில் செங்குத்தாக நிறுத்தியிருக்கிறேன், பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் தடித்த கம்பளி தொங்குகிறது, தரையில் ஜமுக்காளம். மைக்குக்கு முன்னால் பாடுகிறவரைத் தவிர எதுவும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள், அவருக்குப் பின்னால் உள்ள சுவரும் மைக்குக்கு நேர் முன்னால்தான் இருக்கிறது. அப்புறம் பாறைக் கம்பளி என்கிற ராக்வூல் பலகை வாங்கித் துணி சுற்றி மாட்டினேன், அதன் பிறகுதான் கீழ் ஓசை அடங்கியது. மே மாசத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு உள்ளே உட்காருவது தண்டனை, அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. விடியற்காலை நாலு மணிக்குப் பதிவு வைத்துக்கொள்கிறேன்.

எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்தால் ஒருவர் சத்தம் அடுத்தவர் மைக்கில் விழத்தான் செய்யும். மைக்குக்கும் வாத்தியத்துக்கும் ஒரு சாண் என்றால் அடுத்த மைக் மூன்று சாணாவது தள்ளி இருக்கட்டும், மைக் ஆட்கள் காலங்காலமாகச் சொல்கிற கணக்கு அது. பம்பை, பறை, நாதஸ்வரம் மாதிரி உரத்த வாத்தியங்களுக்கு ஷூர் எஸ்எம்57 வகை டைனமிக் மைக்கே போதும், அருகில் வைக்கலாம், தாங்கும், பக்கத்துச் சத்தத்தையும் குறைவாக வாங்கும். கண்டென்சர் வைத்தால் பாண்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியாகவே போகிற 48 வோல்ட் கரண்ட், வேண்டும். சில பெட்டிகளில் எட்டு மைக் துளை இருந்தும் பாண்டம் இரண்டு மூன்று துளைக்குத்தான் இருக்கும், வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

96 கிலோஹெர்ட்ஸ், 192 கிலோஹெர்ட்ஸ் என்று எண்ணைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். அதிலேயே எட்டு ட்ராக் ஒரு மணி நேரத்துக்கு 4 ஜிபியைத் தாண்டும். கூத்து விடிய விடிய எட்டு மணி நேரம் ஓடினால் 33 ஜிபி. 96இல் எடுத்தால் அது இரட்டிப்பு, விடியும்போது லேப்டாப் கையை விரிக்கும்.

கரண்ட்டும் எர்த்தும்

உம்ம்ம் என்று ஒரு சத்தம், 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். இது வந்ததும் இன்டர்ஃபேஸ் கெட்டுப்போச்சு என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் பெட்டி நல்லாத்தான் இருக்கிறது, கோளாறு சார்ஜரிலோ வீட்டு எர்த்திலோ. எங்கள் பக்கம் மண் காய்ந்து கிடப்பது, கோடையில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றாவிட்டால் எர்த் பேருக்குத்தான் இருக்கும். எல்லாப் பெட்டியையும் ஒரே பிளக் பாயின்ட்டில், ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டால் பாதித் தொல்லை தீரும். ஹம் போக வேண்டும் என்று மூன்றாவது பின்னை ஒடிக்கிற வேலை மட்டும் வேண்டாம். ஒரு மைக் செட்காரர் அப்படித்தான் செய்து வைத்திருந்தார், பாட வந்தவர் உதட்டில் மைக் பட்டதும் ஷாக் அடித்து இரண்டு அடி பின்னால் போனார். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் சைன் வேவ் இன்வெர்ட்டரா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பழைய சதுர அலை வகை பதிவில் கிர்ர் என்று ஏறும்.

பட்ஜெட்டில் எல்லோரும் மறப்பது ஒயரும் ஸ்டாண்டும். எட்டு துளைப் பெட்டி என்றால் எட்டு மைக், எட்டு எக்ஸ்எல்ஆர் என்கிற மைக் கேபிள், எட்டு ஸ்டாண்டு, வாசிக்கிறவர்களுக்கு நாலு ஹெட்ஃபோனாவது, அதைப் பிரித்துக் கொடுக்க ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப். காது முழுதும் மூடும் வகை ஹெட்ஃபோன்தான் வேண்டும், இல்லாவிட்டால் அதிலிருந்து கசிவது மைக்கில் விழும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டிய பிறகு பெட்டிக்கு எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். மொத்தப் பணத்தையும் பெட்டியில் போட்டுவிட்டு இரவல் மைக்குக்கு அலைகிறவர்கள் இந்த ஜில்லாவிலேயே நாலைந்து பேரைத் தெரியும்.

நம்ம ஆட்கள் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் பஸ் ஏறிப் போய் வாங்குவது வழக்கம், இணையத்தில் செகண்ட் ஹேண்டும் பார்ப்பார்கள். எங்கே வாங்கினாலும் சொந்த லேப்டாப், ஒரு மைக், ஒரு கேபிள், ஹெட்ஃபோன் நாலையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு துளையிலும் மைக்கைச் செருகிப் பேசுங்கள், ஒன்றைச் செருகிப் பார்த்துவிட்டு மற்றதும் நல்லா இருக்கும் என்று நம்பாதீர்கள். மைக்கைக் கழற்றிவிட்டு கெயின் என்கிற, மைக் சத்தத்தைக் கூட்டும் திருகை முழுக்கத் திருப்பி இரைச்சல் எவ்வளவு என்று கேளுங்கள். திருகுகளை மெல்லத் திருப்பும்போது கரகரத்தால் உள்ளே தூசியோ தேய்மானமோ இருக்கிறது. யுஎஸ்பிக்குப் பதிலாக ஃபயர்வயர் என்ற பழைய துளையில் செருகும் பெட்டிகள் கொள்ளை மலிவாகக் கிடைக்கும், ஒரு காலத்தில் ராஜாவாக இருந்தவைதான், ஆனால் இன்றைய லேப்டாப்பில் அந்தத் துளையே கிடையாது. டிரைவர் உங்கள் விண்டோஸுக்கு இன்னும் வருகிறதா என்பதையும் கடையில் நிற்கும்போதே செல்போனில் தேடிவிடுங்கள்.

பென்னாகரம் தம்பி அந்த ரெக்கார்டரை விட்டுவிட்டான். எட்டு மைக் ப்ரீஆம்பும் ஏடாட் துளையும் உள்ள இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கினான், மைக் நாலு சொந்தம், நாலு மைக் செட்காரரிடம் வாடகை. முதல் பதிவை அறையில் வைக்காமல் மாந்தோப்பில் வைத்தார்கள், எதிரொலிக்கச் சுவரே இல்லாத இடம், ராத்திரி பதினோரு மணி. எட்டு வரியும் தனித்தனியாக விழுந்தன. நடுவில் ஒரு நாய் குரைத்தது, தாளத்து மைக்குக்கு நேர் எதிரில். அந்த ட்ராக்கில் அந்த இரண்டு நொடியை வெட்டினோம். மற்ற ஏழிலும் மெலிதாக இருக்கத்தான் செய்கிறது, முகவீணை அதை மூடிவிட்டது. வாத்தியாருக்கு மட்டும் தெரியும், ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அந்த இடம் வந்தால் சிரிக்கிறார்.