ஆன்லைன் கடையின் செக்அவுட்டில் வரி எண் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

வரி எண் கட்டத்தை எல்லோருக்கும் காட்டாதீர்கள். நாட்டைத் தேர்ந்தெடுத்து, ‘நிறுவனத்துக்காக வாங்குகிறேன்’ என்று டிக் செய்தவருக்கு மட்டும் போதும். நாடு தெரியாமல் எண்ணின் வடிவத்தைச் சோதிக்கவும் முடியாது. பிரேசில் வேறு மாதிரி: தனிநபருக்கு அனுப்பும் பொருளுக்கும் பில்லில் அவருடைய 11 இலக்க சிபிஎஃப் (தனிநபர் வரி எண்) வேண்டும்.

டேட்டாபேஸில் வரி எண்ணை டெக்ஸ்டாகவே வையுங்கள். நம்பர் வகையில் வைத்தால் 0-வில் தொடங்கும் சிபிஎஃப் 10 இலக்கமாகிவிடும். சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்து சேமித்தாலும் இதே கதிதான். இடைவெளி, புள்ளி, கோடு கலந்து ஒட்டினால் பிழை காட்டி வாடிக்கையாளரை அலைக்கழிக்க வேண்டாம். நீங்களே நீக்கி, எழுத்துகளைப் பெரிய எழுத்தாக்குங்கள்.

முதல் சோதனை பிரவுசரிலேயே நடக்கட்டும். இந்திய ஜிஎஸ்டி எண்ணில் 15 இடங்கள்: மாநிலக் குறியீடு 2, பான் 10, கடைசி எழுத்து சரிபார்ப்புக்கு. தட்டச்சுப் பிழை பெரும்பாலும் இங்கேயே சிக்கும். ஆனால் ரத்தான பதிவும் இதில் தேறிவிடும், அதனால் அரசுப் பதிவேட்டிலும் பார்த்தாக வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வீஸ் (VIES) இருக்கிறது: வாட் (மதிப்புக் கூட்டு வரி) எண்ணை அந்தந்த நாட்டின் பதிவேட்டில் பார்த்துச் சொல்லும் இணையச் சேவை. நாட்டுக் குறியீட்டை அப்படியே முன்னால் ஒட்டினால் கிரீஸ் எண்கள் எல்லாம் தோற்கும். அங்கே வாட் எண்ணின் முன்னால் வருவது ஜிஆர் (GR) அல்ல, இஎல் (EL).

அதிகம் சொதப்புவது வீஸ் பதில் தராத நேரத்தில்தான். ஒவ்வொரு நாட்டின் பதிவேடும் தனித்தனியே முடங்கும். ‘செல்லாது’, ‘பதில் இல்லை’ இரண்டையும் ஒரே நிலையாகப் பதிவு செய்யாதீர்கள். பதில் இல்லையென்றால் ஆர்டரை நிறுத்தாமல் வாட் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். பின்னணியில் மீண்டும் கேட்டு, எண் செல்லும் என்று வந்தால் கிரெடிட் நோட் போட்டு வரியைத் திருப்புங்கள். சோதிக்காமல் வரியைக் கழித்துவிட்டால் அது கடையின் தலையில் விழும்: 2020 ஜனவரி 1 முதல், உறுப்பு நாடுகளுக்கிடையே அனுப்பும் பொருளுக்கு வாட் விலக்குப் பெற, வாங்குபவரின் செல்லுபடியாகும் எண் கட்டாய நிபந்தனை. பொருள் உங்கள் நாட்டுக்குள்ளேயே போனால், எண் சரியாக இருந்தாலும் இந்த விலக்கு இல்லை. பல கடைகளின் கோட் இதை மறந்துவிடுகிறது.

வீஸில் கேட்கும்போது உங்கள் வாட் எண்ணையும் கொடுங்கள். அப்போதுதான், சோதித்ததற்குச் சான்றான விசாரணை எண் கிடைக்கும். அதைத் தேதியோடு ஆர்டரிலேயே சேமியுங்கள். வரி எண்ணின் நகலும் ஆர்டரில் இருக்கட்டும். புரொஃபைலிலிருந்து மட்டும் எடுத்தால், வாடிக்கையாளர் நாளை எண்ணை மாற்றும்போது பழைய பில்லும் மாறிவிடும்.

சிபிஎஃப் போன்றவை தனிநபர் தகவல். லாக் கோப்பிலோ யுஆர்எல்லிலோ அவை வரவே கூடாது.