ஆற்றுக்குருடும் வலிப்பும்: கணக்கெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெற்கு சூடானில் மரிடி என்றொரு ஊர். அதை ஒட்டி ஓர் அணை. 2018-ல் அந்த வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் 17,652 பேரை விசாரித்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 4.4 பேருக்கு வலிப்பு இருந்தது. நூற்றுக்கு ஒருவர் என்பதே ஆப்பிரிக்கக் கிராமங்களில் வழக்கமாகக் காணும் அளவு. அணைக்கு அருகே இருந்த குடியிருப்புகளில் எண்ணிக்கை இன்னும் ஏறியது. அணையின் கலிங்கில் பாய்ந்து விழும் தண்ணீரில்தான் கறுப்பு ஈக்கள் முட்டையிட்டுப் பெருகிக்கொண்டிருந்தன.

ஆற்றுக்குருடு என்ற பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் கண்தான் நினைவுக்கு வரும். வேகமாக ஓடும் தண்ணீரில் வளரும் அந்த ஈ கடிக்கும்போது ஆங்கோசெர்கா என்ற புழுவின் குஞ்சுகள் உடம்பில் ஏறுகின்றன. வளர்ந்த புழு தோலுக்கடியில் முடிச்சுக்குள் பத்துப் பதினைந்து வருடம் உயிரோடு இருக்கும். அது ஈனும் நுண்புழுக்கள் தோலெங்கும் பரவித் தாங்க முடியாத அரிப்பைக் கொடுக்கும். கண்ணுக்குள் போனால் பார்வையைப் பறிக்கும். சிறு வயதிலேயே நுண்புழு அதிகமாக ஏறிய பிள்ளைகளில் சிலருக்கு 3 முதல் 18 வயதுக்குள் வலிப்பு வருகிறது. கேமரூனின் ம்பாம் பள்ளத்தாக்கில் 1991-93-ல் தோலைச் சோதித்து நுண்புழுவை எண்ணிவைத்திருந்த பிள்ளைகளை 2017-ல் மறுபடி தேடிப் போனார்கள். அன்று யார் உடம்பில் நுண்புழு அதிகமோ, அவர்களுக்கே பிற்பாடு வலிப்பும் அதிகமாக வந்திருந்தது.

அப்படியிருந்தும் பல இடங்களில் புழு ஒரு துறையிடம், வலிப்பு இன்னொரு துறையிடம். புழுவுக்கு மாத்திரை கொடுப்பவர் மாத்திரையை எண்ணுகிறார். வலிப்போடு வருபவரின் பெயர் மனநலப் பதிவேட்டுக்குப் போகிறது. இரண்டு பதிவேட்டையும் ஒரே வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆளில்லை. முதல் தவறு இது. மற்றவற்றில் பாதி இதிலிருந்தே கிளைக்கிறது.

அடுத்தது, கேள்வி கேட்கும் விதம். வாசலில் நின்று "இந்த வீட்டில் யாருக்காவது வலிப்பு உண்டா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். வலிப்பு வந்தவரின் எச்சில் பட்டால் தொற்றிக்கொள்ளும் என்ற பயம் அந்த ஊர்களில் ஆழமாக ஊறியிருக்கிறது. பிள்ளை அடுப்பில் விழுந்தாலும் தொட்டுத் தூக்கத் தயங்குவார்கள். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்துப் பழகிய நமக்கு இந்தப் பயம் புரியாததல்ல. மேலும், எல்லா வலிப்பும் கை கால் வெட்டி நுரை தள்ளுவதாக வராது. கேள்வியை உடைத்துக் கேட்க வேண்டும். நினைவு தப்பிக் கீழே விழுந்ததுண்டா? கூப்பிட்டால் பதில் சொல்லாமல் சில நொடி வெறித்துப் பார்க்கும் பிள்ளை உண்டா? சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்ததும் தலை திரும்பத் திரும்பத் தொங்கித் தொங்கி நிமிர்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். தான்சானியாவின் மஹெங்கே பகுதியில் லூயிஸ் யிலெக்-ஆல் என்ற மருத்துவர் 1960-களில் கண்டெழுதிய தலையாட்டு நோய் இது. வீட்டில் இதை வலிப்பென்றே நினைக்க மாட்டார்கள். சாப்பிடப் பிடிக்காமல் அடம் பிடிக்கிறது என்பார்கள். கேட்பவர் கண்ணும் சும்மா இருக்கக் கூடாது. கையிலோ முகத்திலோ பழைய தீக்காயத் தழும்பு, வயதுக்கு ஏற்ற வளர்த்தியில்லாத உடம்பு, பள்ளிக்கூட நேரத்தில் வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, இவை எதையும் விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நகரக் கூடாது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. தலையாட்டும் பிள்ளைகளை மட்டும் தேடி எண்ணுவது. பார்க்க விநோதமாக இருப்பதால் செய்தியாளர்களும் ஆய்வாளர்களும் அதன் பின்னால்தான் போனார்கள். ஆனால் அதே ஆற்றங்கரையில், அதே புழுவால், சாதாரண வலிப்போடு வாழ்பவர்கள் பல மடங்கு. உகாண்டாவில் நகலங்கா என்ற பெயரில் அறியப்பட்ட குன்றிய வளர்ச்சியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறாக நான் நினைப்பது, வலிப்புள்ளவர்களின் மொத்த எண்ணிக்கையை வைத்துத் திட்டத்தின் வெற்றி தோல்வியை அளப்பது. வட உகாண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். தலையாட்டு நோயால் அங்கே 3,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள். 2012 முதல் ஆண்டுக்கு இரண்டு முறை நுண்புழுவை ஒழிக்கும் இவர்மெக்டின் மாத்திரையும், ஈயின் புழுப் பருவத்தை ஆற்றிலேயே அழிக்கும் மருந்துத் தெளிப்பும் நடந்தன. அதன்பின் புதிதாக நோய் வரும் பிள்ளைகள் அநேகமாக இல்லாமலே போனார்கள். ஏற்கெனவே நோய் வந்தவர்களோ இன்னும் இருக்கிறார்கள், வளர்ந்து வாலிபர்களாகி. மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு எதுவுமே மாறாததுபோலத் தோன்றும். அவர்களில் சிலர் தண்ணீரில் மூழ்கியோ தீயில் விழுந்தோ இறந்து மொத்தம் குறைந்தால், அதை முன்னேற்றம் என்று எழுதிவிடும் ஆபத்தும் உண்டு. அதனால் பதிவேட்டில் கட்டாயம் இருக்க வேண்டிய கட்டம் 'முதல் வலிப்பு எப்போது?' என்பது. கடந்த பன்னிரண்டு மாதத்தில் எத்தனை பேருக்குப் புதிதாகத் தொடங்கியது, அவர்களுக்கு என்ன வயது, எந்த ஓடைக்கரையில் வீடு? புழு இன்னும் பரவுகிறதா என்பதை இந்த மூன்றும் காட்டிக்கொடுத்துவிடும். தாய்க்கு வருடம் நினைவிருக்காது. தம்பி பிறப்பதற்கு முன்பா, பின்பா? அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பிய மழைக்காலத்திலா? அப்படிக் கேட்டால் சொல்லிவிடுவார்.

மாத்திரைக் கணக்கிலும் கவனம் வேண்டும். இவர்மெக்டின் நுண்புழுவைத்தான் ஒழிக்கும், வளர்ந்த புழுவைக் கொல்லாது. அதனால் வருடக்கணக்கில் விடாமல் கொடுக்க வேண்டும். எடைக்குப் பதில் உயரத்தை அளந்து மாத்திரை தருவார்கள். வண்ணக் கோடு போட்ட ஒரு குச்சி, அதன் பக்கத்தில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளை. 90 சென்டிமீட்டரைத் தொட்டால் ஒரு மாத்திரை, 158-ஐத் தாண்டினால் நான்கு. ஐந்து வயதுக்குட்பட்டோர், கர்ப்பிணிகள், குழந்தை பெற்று ஒரு வாரம் ஆகாதவர்கள், கடுமையாக நோயுற்றவர்கள் ஆகியோருக்குக் கிடையாது. இவர்களைக் கழித்துவிட்டு 'தகுதியுள்ளோரில் 85 விழுக்காடு' என்று ஒருவர் எழுதுவார். இன்னொருவர் மொத்த மக்கள்தொகையில் வகுப்பார். இரண்டையும் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். எதில் வகுத்தோம் என்பதை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். வலிப்பிருப்பதாலேயே மாத்திரை மறுக்கப்படுபவர்களையும் தனியாகக் குறியுங்கள். வலிப்பு ஒரு தடையே அல்ல, ஆனாலும் வீட்டார் பயந்து ஒளித்துவிடுகிறார்கள். அதேபோல், ஐந்து வயதை எட்டிய பிள்ளைக்கு முதல் மாத்திரை அந்த வருடமே போய்ச் சேர்ந்ததா என்றும் பாருங்கள். வலிப்பு வரும் வயது தொடங்கிவிட்டது, தள்ளிப்போட நேரமில்லை.

பரவல் நின்றதா என்று இரத்தத்தில் பார்க்க ஓவி16 எதிர்ப்புரதச் சோதனை இருக்கிறது. அதைப் பெரியவர்களிடம் செய்வதால் பயன் குறைவு. எப்போதோ ஏறிய புழுவின் சுவடு வருடக்கணக்கில் நிற்கும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம்தான் பார்க்க வேண்டும். அந்தச் சுவடு தெரியும் பிள்ளைகள் 0.1 விழுக்காட்டுக்கும் கீழே இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2016-ல் வகுத்த வரம்பு. அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் மட்டும் தேடக் கூடாது. வலிப்பு வந்ததும் முதலில் நின்றுபோவது பள்ளிக்கூடம்தான். ஜீப் போகும் சாலையோரக் கிராமத்தோடு நிறுத்திக்கொள்வதும் கூடாது. ஈ ஆற்றோரம் கடிக்கிறது.

ஆற்றங்கரை வலிப்பு எல்லாவற்றையும் இந்தப் புழுவின் தலையில் கட்டிவிடவும் முடியாது. பிறக்கும்போது மூச்சுத்திணறல், மூளை மலேரியா, மூளையில் பன்றி நாடாப்புழுவின் கட்டி என்று வேறு காரணங்களும் உண்டு. முதல் வலிப்புக்கு முன் பிள்ளை இயல்பாக நடந்து பேசி வளர்ந்ததா என்ற ஒரு கேள்வி நிறையப் பிரித்துக்காட்டும்.

தமிழ்நாட்டிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகும் மருத்துவப் பணியாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை. யானைக்கால் நோய்க்கு இங்கே வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரையை ஆற்றுக்குருடு உள்ளவருக்குக் கொடுத்துவிடக் கூடாது. நுண்புழுக்கள் மொத்தமாகச் செத்து உடம்பு கடுமையாகச் சீறும், கண்ணும் கெடலாம். மத்திய ஆப்பிரிக்காவின் காட்டுப் பகுதிகளில் இவர்மெக்டினுக்கே முன்யோசனை தேவை. அங்கே லோவா என்ற இன்னொரு புழு இரத்தத்தில் மிக அதிகமாக இருப்பவருக்கு அது மூளையைப் பாதித்து மயக்கத்தில் தள்ளக்கூடும். இரத்தம் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

கணக்கெடுப்புக் குழு கிளம்பும் முன் கிடங்கில் ஃபீனோபார்பிட்டால் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டும். வலிப்பை அடக்கத் தினமும் விழுங்க வேண்டிய மலிவான மாத்திரை அது. தொடங்கிவிட்டு இரண்டாம் மாதம் இருப்பு தீர்ந்து திடீரென்று நின்றால், வலிப்பு விடாமல் அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆறு மாத இருப்பும், அதன்பின் எங்கே யாரிடம் வாங்குவது என்ற ஏற்பாடும் கையில் வந்த பிறகு வாசல் கதவைத் தட்டுங்கள்.