“எனக்கு எதுவானாலும் சரி” என்று சொல்லாதீர்கள்

இருபதுகளில் இருப்பவர்களுக்கு உறவுச் சிக்கல்களில் ஆலோசனை சொல்வது என் தொழில். பொய் சொல்வது, கைபேசியை வேவு பார்ப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை தவறென்று செய்கிறவருக்கே தெரியும். தவறென்றே தெரியாமல் காதல் உறவில் செய்பவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எதற்கும் தலையாட்டுவது

“நாங்கள் ஒருமுறைகூடச் சண்டை போட்டதில்லை. அப்படியும் பிரிந்துவிட்டோம்.” இப்படிச் சொல்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. 23 வயதில் நானும் இதையே செய்தேன். விடுமுறை நாள் முழுவதும் நான் காதலித்தவருடைய நண்பர்களோடு கழியும். தனியாக இருக்க மனம் ஏங்கும். வாயோ “உன் விருப்பம்தான் என் விருப்பம்” என்று சொல்லும். அதை அன்பு என்று நம்பினேன். விட்டுக்கொடுத்த ஒவ்வொன்றையும் மனம் கணக்கு வைத்துக்கொண்டே வந்தது. இரண்டு ஆண்டுக் கணக்கை ஒரே மாலையில் கொட்டித் தீர்த்தேன். “அப்படியென்றால் இவ்வளவு நாள் நான் யாரோடு பழகினேன்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950-இல் மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார். பதின்பருவம் கடந்த இளைஞர்கள் முன் நிற்கும் கேள்வி நெருக்கமா, தனிமையா என்பது. அதற்கு முந்தைய கட்டத்தின் கேள்வி, நான் யார் என்பது. தன்னைப் பற்றித் தெளிவு பெற்றவரே, தன்னை இழந்துவிடும் அச்சமின்றி இன்னொருவரோடு நெருங்க முடியும் என்றார். இந்த வரிசையை நான் அப்படியே ஏற்பதில்லை. உறவுக்குள் வந்த பிறகே தம்மை அறிந்துகொண்ட பலரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் விருப்பத்தை ஒளித்து வைத்தவருக்கு அந்த வாய்ப்பும் கிடைப்பதில்லை.

சிறியதில் தொடங்குங்கள். எந்த மாலை உங்களுக்குத் தனியாக வேண்டும், எந்தக் கிண்டல் வலித்தது என்று அன்றே சொல்லுங்கள். உளவியலாளர் ஆர்தர் ஆரோனும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாதவர்கள் இருவர் இருவராக 36 கேள்விகளுக்கு மாறி மாறிப் பதில் சொன்னார்கள். கேள்விகள் போகப் போக ஆழமாயின. முக்கால் மணி நேரத்தில், வெறுமனே அரட்டை அடித்த இணைகளைவிட அவர்கள் அதிக நெருக்கத்தை உணர்ந்தார்கள். ஒருவர் மட்டும் மனம் திறக்க, மற்றவர் தலையாட்டிக்கொண்டே இருந்தால் இது நடக்குமா?

முதல் சந்திப்பிலேயே எல்லாக் காயங்களையும் கொட்டுவது

வேண்டாம். கேட்பவருக்கும் அவகாசம் வேண்டும்.

மௌனத்தால் தண்டிப்பது

கோபம் தணிய நேரம் தேவையென்றால் கேட்டு வாங்குங்கள். எப்போது திரும்பிப் பேசுவீர்கள் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

பழைய நண்பர்களைக் கைவிடுவது

ஒரே ஒருவர் உங்களுக்கு எல்லாமுமாக இருக்க முடியாது.

பயத்தால் வாய் மூடியிருப்பவர்களுக்கு

பேசினால் அடியோ மிரட்டலோ வரும் என்பதால் தலையாட்டுகிறீர்களா? மேலே நான் எழுதியது உங்களுக்குப் பொருந்தாது. அங்கே தவறு உங்களுடையது அன்று. மனம் திறந்து பேசிப் பார்க்கும் முயற்சியையும் அங்கே செய்ய வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். பாதுகாப்பாக வெளியேறும் வழியை அவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.