வங்கி ஏலத்தில் வீடு வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வீட்டுக் கடன் தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால், வங்கி அந்தக் கணக்கை வாராக்கடனாக வகைப்படுத்தி, 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவின்கீழ் கடனாளிக்கு 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புகிறது. அதன் பிறகும் கடன் அடைபடாவிட்டால், வழக்குத் தொடுக்காமலேயே வீட்டைச் சுவாதீனத்தில் எடுத்து ஏலம் விடுவதற்கு அச்சட்டம் இடமளிக்கிறது. ஏல அறிவிப்புகள் நாளிதழ்களில் வெளிவருகின்றன. பொதுத்துறை வங்கிகளிடம் உள்ள சொத்துகளை பேங்க்நெட் இணையதளத்திலும் தேடலாம். வாங்க வருவோர் பெரும்பாலும் விலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அந்த வீடு இப்போது யார் கையில் இருக்கிறது என்பதை அதற்கும் முன்னால் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

சுவாதீனம் எத்தகையது என்பது ஏல அறிவிப்பிலேயே இருக்கும். நேரடிச் சுவாதீனம் என்றால் வீடு காலி செய்யப்பட்டுச் சாவி வங்கியிடம் இருக்கிறது. குறியீட்டுச் சுவாதீனம் என்றாலோ, கதவில் நோட்டீஸ் ஒட்டிப் பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்ததோடு வங்கியின் வேலை நின்றிருக்கிறது. உள்ளே பழைய உரிமையாளரோ வாடகைக்கு இருப்பவரோ குடியிருக்கிறார். அவர்களை வெளியேற்ற 14ஆம் பிரிவின்கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ வங்கி மனுச் செய்து உத்தரவு பெற வேண்டும். நடைமுறையில் இது மாதக்கணக்கில் இழுக்கும். முழுத் தொகையையும் கட்டிவிட்டு வாடகை வீட்டிலேயே காத்திருக்கும் நிலை உங்களுக்குக் கட்டுப்படியாகாது என்றால், நேரடிச் சுவாதீனத்தில் உள்ள வீடுகளை மட்டும் பாருங்கள்.

பார்வையிடுவதற்கென்று அறிவிப்பில் குறித்திருக்கும் நாளில் கட்டாயம் நேரில் செல்லுங்கள். ஒட்டிய நோட்டீஸ் வெயிலில் வெளுத்துக் கிடக்கும் கதவுக்குப் பின்னால், கொடியில் துணி காய்ந்துகொண்டிருப்பதைக் காணலாம். அங்கே இருப்பவர்கள் வீட்டை இழக்கப்போகும் குடும்பத்தினர் என்பதை மறவாமல், அனுமதி கேட்டு, மரியாதையோடு பேசுங்கள். வாடகை ஒப்பந்தம் உண்டா, பங்காளிகளுக்குள் பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறதா என்பதுபோன்ற செய்திகள் அக்கம்பக்கத்தாரிடம்தான் கிடைக்கும். நான்கு எல்லைகளையும் பத்திரத்தில் உள்ள அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அன்றே முடிந்துவிடும்.

‘உள்ளது உள்ளபடியே’ என்ற நிபந்தனையின்பேரில்தான் வங்கி விற்கிறது. ஆகவே, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, கட்டட அனுமதி ஆகியவற்றைச் சரிபார்க்கும் பொறுப்பு வாங்குபவருடையது. வங்கியின் வழக்கறிஞர் ஏற்கெனவே பார்த்திருப்பார் என்று விட்டுவிடாமல், உங்கள் தரப்பில் ஒரு வழக்கறிஞரை அமர்த்துங்கள். சொத்துவரி, குடிநீர் வரி, அடுக்குமாடியாக இருந்தால் பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றின் நிலுவையையும் கணக்கிட வேண்டும். பழைய மின்கட்டண பாக்கியை, விதிமுறைகள் இடமளித்தால், புதிய உரிமையாளரிடமிருந்து வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது.

வங்கியின் நடவடிக்கையை எதிர்த்துக் கடனாளி 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்பதால், அந்தச் சொத்தின் மீது வழக்கு நிலுவையில் உள்ளதா என்று வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அலுவலரிடம் எழுத்து மூலமாகக் கேட்டு, பதிலையும் எழுத்து மூலமாகவே பெறுங்கள். வாய்ச்சொல் பின்னர் உதவாது.

ஏலம் இணையவழியில் நடக்கிறது. பொதுவாகக் குறைந்தபட்ச விலையில் 10 சதவீதத்தை முன்வைப்புத் தொகையாகச் செலுத்த வேண்டும். உங்கள் உச்ச வரம்பை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு, போட்டி சூடுபிடித்தாலும் அதைத் தாண்டாதீர்கள். கடினமான பகுதி ஏலம் முடிந்த பிறகே தொடங்குகிறது. முன்வைப்புத் தொகையையும் சேர்த்து ஏலத் தொகையில் 25 சதவீதத்தை அன்றே, அல்லது அடுத்த வேலை நாளுக்குள், கட்டியாக வேண்டும். மீதி 75 சதவீதத்தை விற்பனை உறுதி செய்யப்பட்ட 15 நாட்களுக்குள் செலுத்த வேண்டும். வங்கி எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால் மட்டும் அது அதிகபட்சம் மூன்று மாதம் வரை நீளும். தவறினால் கட்டிய 25 சதவீதமும் பறிபோகும். அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்ற வங்கியின் நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2024ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. வீட்டுக் கடன் வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள், ஏலத்தில் கலந்துகொள்வதற்கு முன்பே, அந்தக் குறிப்பிட்ட சொத்துக்குக் கடன் கிடைக்குமா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முழுத் தொகையும் சேர்ந்ததும் வங்கி விற்பனைச் சான்றிதழ் வழங்கும். அதில் உங்கள் பெயர், சர்வே எண், பரப்பளவு, எல்லைகள் ஆகியவை பிழையின்றி உள்ளனவா என்று எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, சார்பதிவாளர் அலுவலகப் பதிவேட்டில் அதை ஏற்றுவதற்கான வேலையைத் தாமதமின்றித் தொடங்குங்கள். பட்டா மாற்றமும் சொத்துவரிப் பெயர் மாற்றமும் அதன் பிறகே நடக்கும்.