கார்டு அச்சுக்குப் போகும் முன்
டிசைன் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் பெயரில் விசிட்டிங் கார்டு போடுகிறீர்களா? ஃபைலை அனுப்பும் முன் தமிழ் எழுத்துகளைக் கர்வாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிவிடுங்கள். நான் மாற்றாமல் கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் கொடுத்தேன். அவர்கள் கணினியில் அந்த ஃபான்ட் இல்லை. ‘கோ’வுக்குக் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறி 500 கார்டு வந்தது. ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு, பார்க்காதது என் தப்புதான்.

மாற்றும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். கர்வ் ஆன பின் போன் எண்ணைத் தட்டித் திருத்த முடியாது.

அப்புறம் நிறம். திரையில் குறுவை நாற்று மாதிரிப் பளிச்சென்று தெரியும் பச்சை அச்சில் மங்கிவிடும். முதலிலேயே சிஎம்ஒய்கே மோடில், அதாவது அச்சு மையின் நான்கு நிறங்களில், வேலை செய்யுங்கள். ஓரத்தில் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியேயும் நீளும் டிசைன்), படத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி). சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும்.