மலைமுகட்டில் குடும்பத்தோடு ஏறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பாவும் மகளும், அண்ணனும் தம்பியும், கணவனும் மனைவியும் சேர்ந்து மலையேறுவது நல்ல விஷயம்தான். ஆனால் இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் குறுகலான முகட்டில் அந்த உறவே சில சமயம் வினையாகிவிடும். முன்பின் தெரியாத வழிகாட்டியிடம் "பயமாக இருக்கிறது, திரும்பிவிடலாம்" என்று கூசாமல் சொல்கிறவர், சொந்த அண்ணனிடம் வாயைத் திறக்கமாட்டார். சொன்னால் அடுத்த பத்து வருஷத்துக்கு வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் அந்தக் கதைதான் ஓடும். முகட்டில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த வாய்மூடலிலிருந்து கிளம்புகிறவை.

அதனால் திரும்புவது பற்றிய பேச்சை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். இத்தனை மணிக்குள் இன்ன இடத்தை எட்டவில்லை என்றால் திரும்புகிறோம். யார் "வேண்டாம்" என்று சொன்னாலும், ஏன் என்று கேட்காமல் இறங்குகிறோம். இந்த இரண்டையும் சொல்லி வைத்தால் போதும். மேலே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால், வயதில் பெரியவர் சொன்னதே முடிவாகிவிடும். இன்னொன்று, பல முகடுகளில் பாதி வழியில் பக்கவாட்டில் இறங்க இடமே இருக்காது. குறுகலான பகுதி எங்கே ஆரம்பிக்கிறது என்று வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். "போகலாமா?" என்ற கேள்வியை அதற்கு முன்னால் நின்று கேட்க வேண்டும். நடுவில் போய்க் கேட்டால், முன்னே போவதும் பின்னே வருவதும் ஒரே கஷ்டம்தான்.

அடுத்தது, மலையை எண்களால் மட்டும் எடை போடுவது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள கிரிப் காக் முகட்டின் உயரம் வெறும் 923 மீட்டர். உயரத்தைப் பார்த்தால் சாதாரண மலை. மேலே போனால் கைகளையும் ஊன்றித்தான் நகர வேண்டியிருக்கும். கீழே பார்த்தால் வயிறு கலங்கும். நேரக் கணக்கும் இப்படித்தான் ஏமாற்றும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-ல் சொன்ன விதி இன்றும் பலருக்குக் கை கொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். நடக்கிற பாதைக்கு அது சரி. பாறையைப் பிடித்து ஏறுகிற இடத்தில் அந்தக் கணக்கு நிற்காது. அங்கே குழுவில் மெதுவாகப் போகிறவரின் வேகம்தான் எல்லோருடைய வேகமும்.

'நன்றாக நடப்பாளே' என்று மகளை நம்பிக் கூட்டிப்போவதும் இதே ரகம். நடை வேறு, இரண்டு பக்கமும் வெறும் வெளி தெரியும்போது நிதானமாக நிற்பது வேறு. தரையிலிருந்து அதிக உயரமில்லாத ஒரு பாறைச் சரிவில் முதலில் பழக்கிப் பாருங்கள். ஏறினால் மட்டும் போதாது, அதே வழியில் இறங்கவும் வேண்டும். இறங்கும்போது கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. உண்மையான சோதனை அதுதான்.

பயம் வந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? கலகலவென்று பேசிக்கொண்டு வந்தவர் "ம்" என்று மட்டும் சொல்ல ஆரம்பிப்பார். கெண்டைக்கால் நடுங்கும். நிற்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்து நகர்வார். எல்லாவற்றையும்விட, பாறையைக் கட்டிப்பிடித்துக்கொள்வார். அதுதான் ஆபத்து. உடம்பு பாறை மேல் சாய்ந்தால் பாதத்தின் மேல் எடை சரியாக இறங்காமல் ஷூ வழுக்கும். நிமிர்ந்து, எடையைக் காலில் இறக்கி, இரண்டு கை இரண்டு காலில் எப்போதும் மூன்றை ஊன்றி, ஒன்றை மட்டும் நகர்த்தச் சொல்லுங்கள். "பயப்படாதே" என்பதால் ஒரு பயனும் இல்லை. "இடது காலை அந்தச் சின்னப் பிளவில் வை" என்பதால் உண்டு.

அந்த நேரத்தில் பாசத்தில் கையை நீட்டி இழுக்கவும் வேண்டாம். அவர் வழுக்கினால் உங்கள் சமநிலையும் போய்விடும். பிடிக்க வேண்டிய இடத்தைக் காட்டுங்கள், போதும். ஏறும்போது அவருக்கு நேர் கீழே நிற்காதீர்கள், கல் உருளும். இறங்கும்போது அனுபவசாலி முதலில் இறங்கி, சற்று ஒதுங்கி நின்று கால் வைக்கும் இடத்தைச் சொல்லலாம்.

இதைவிட மோசமான பாசம், இருவர் இடுப்பையும் ஒரு கயிற்றில் கட்டிக்கொள்வது. கயிற்றைப் பாறையில் உறுதியாகப் பிணைத்துக் கையாளத் தெரியாவிட்டால் ஒருவர் விழும்போது மற்றவரும் போய்விடுவார். ஆங்கிலேய மலையேறி எட்வர்ட் விம்பரின் குழு 1865 ஜூலை 14 அன்று ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாக எட்டிவிட்டு, ஏழு பேரும் ஒரே வரிசையில் கட்டிக்கொண்டு இறங்கியது. ஒருவர் வழுக்கினார், நால்வர் விழுந்து இறந்தார்கள். நடுவில் கயிறு அறுந்ததால்தான் மீதி மூவர் பிழைத்தார்கள். கயிறு தேவைப்படும் முகடு என்றால் பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போங்கள்.

வானிலையில் இரண்டு விஷயம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும், முகட்டில் அதற்கு மறைப்பும் கிடையாது. அடிவாரத்தில் சட்டை காலர்கூட அசையவில்லை என்பதை நம்பி மேலே போகாதீர்கள். இடி கேட்டால் அப்போதே முகட்டை விட்டு இறங்குங்கள். மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையே 30 வினாடி என்றாலும் அது சுமார் 10 கிலோமீட்டர்தான், எட்டிவிடும் தூரம். இடியில் குடும்பமாக ஒட்டிக்கொண்டு நிற்கத்தான் தோன்றும், செய்யாதீர்கள். விலகி விலகி இருந்தால், ஒரே மின்னல் எல்லோரையும் தாக்கும் வாய்ப்பு குறையும்.

பொருட்களில் குடும்பங்கள் வழக்கமாகச் செய்யும் கோளாறு, "எல்லாம் அப்பா பையில் இருக்கு" என்பது. அப்பா எட்டாத தூரத்தில் இருந்தால்? தண்ணீர், குளிருக்கு ஒரு மேல்சட்டை, நெற்றி விளக்கு, விசில், இவை ஆளுக்கொன்று. ஆபத்தில் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஊத வேண்டும். மூன்று முறை ஊதும் சத்தம் வந்தால் அது பதில். சின்னப் பிள்ளைக்கும் இதைச் சொல்லிக்கொடுத்து வையுங்கள்.

அப்புறம் போட்டோ. "இன்னும் கொஞ்சம் பின்னால போ" என்ற வார்த்தையே முகட்டில் கூடாது. எடுக்கிறவரும் நிற்கிறவரும் முதலில் அகலமான இடம் பார்த்து நிற்கட்டும், பிறகு எடுக்கலாம்.