ஜாவாஸ்கிரிப்ட்டைச் சாராத நிலையான தளம்: எப்படி அமைப்பது?

நிலையான தளம் என்றால், முன்கூட்டியே தயாரித்த பக்கங்களை அப்படியே அனுப்பும் இணையதளம். அப்படிப்பட்ட நாலைந்து பக்கத் தளத்துக்குப் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட், அதாவது பிரவுசருக்குள் ஓடும் நிரல், தேவையே இல்லை. பிரவுசரில் பக்கத்தைச் சோதிக்க உதவும் டெவலப்பர் டூல்ஸில் அதை அணைத்துவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றிப் பாருங்கள். வெள்ளைத் திரை வந்தால், உள்ளடக்கத்தையே ஸ்கிரிப்ட்தான் (ஜாவாஸ்கிரிப்ட் கோப்புதான்) கட்டுகிறது. அந்தக் கோப்பு வந்து சேராவிட்டாலோ, அதில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலோ, வாசகருக்கு எதுவுமே கிடைக்காது. பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல் அப்படியல்ல, தெரியாத டேக் (குறிச்சொல்) இருந்தாலும் பிரவுசர் மிச்சத்தைக் காட்டிவிடும்.

பொதுவான தலைப்பகுதியையும் மெனுவையும் ஸ்கிரிப்ட் வழியே செருகுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஹியூகோ, ஜெகில் போன்ற, நிலையான தளங்களை உருவாக்கும் கருவிகள் பதிவேற்றும் முன்பே அவற்றை ஒவ்வொரு பக்கத்திலும் ஒட்டிவிடும். சொடுக்கினால் விரியும் கேள்வி-பதிலுக்கும் ஸ்கிரிப்ட் வேண்டாம், எச்டிஎம்எல்லின் டீடெய்ல்ஸ் (details), சம்மரி (summary) டேக்குகள் போதும்.

படங்களுக்கு விட்த் (அகலம்), ஹைட் (உயரம்) இரண்டையும் எழுதுங்கள். இல்லையென்றால் படம் வந்ததும் படித்துக்கொண்டிருக்கும் வரி கீழே துள்ளும். வாசகர் நெருங்கும்போது மட்டும் படத்தை ஏற்றச் சொல்லும் லோடிங் லேசியைக் (loading=lazy) கீழே உள்ள படங்களுக்கு மட்டும் போடுங்கள். முதல் திரைப் படத்துக்குப் போட்டால் அது தாமதமாகத்தான் வரும்.

தளத்துக்குள் தேடலுக்கு ஸ்கிரிப்ட் நியாயமானதுதான். பக்கத்தைப் படித்து முடித்த பிறகே ஸ்கிரிப்டை ஓடச் சொல்லும் டிஃபர் (defer) சேர்த்து ஏற்றுங்கள். தேடல் பெட்டியையும் அந்த ஸ்கிரிப்டே உருவாக்கட்டும்; அது ஓடாத இடத்தில் வேலைசெய்யாத பெட்டி நிற்காது.